வாயில் தெரியும், தாளில் வராது

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



ஆகஸ்டு 4ஆம் நாள் ஆர்ஸ் நகரப் பங்குத்தந்தை புனித ஜான் மரிய வியான்னியின் திருநாள். பங்குக் குருக்களுக்கு அவர்தான் பாதுகாவலர். அன்றைக்குப் பங்கு மக்கள் எங்களுக்குச் சால்வை போர்த்தி, கேக் வெட்டி, வாழ்த்துப் பாடுவார்கள். இந்த ஆண்டு அந்தச் சால்வையை வாங்கிக்கொள்வதற்கு முன்னால் உங்களிடம் ஒரு காரியத்தைச் சொல்லிவிட விரும்புகிறேன். ஒப்புரவு அருளடையாளத்தில் அதை ஏற்கெனவே அறிக்கையிட்டாயிற்று. ஆனால் சில தவறுகளைச் செய்த இடத்திலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. நான் தவறு செய்தது ஒரு குடும்பத்தின் முன்னால், பத்துப் பேர் பார்க்க. அதனால் பத்துப் பேர் கேட்கவே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கோவையை அடுத்த ஒரு பங்கில் இருந்தேன். ஊர்ப் பெயரும் பையன் பெயரும் வேண்டாம். ஏப்ரல், மே விடுமுறையில் புதுநன்மை வகுப்பு நடந்தது. கடைசி வாரம் நானே ஓர் எழுத்துத் தேர்வு வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. வகுப்புக்கு ஒரு கண்டிப்பு இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். இருபது கேள்விகள். நான்காம் வகுப்பு முடித்த ஒரு பையன் பெயரைக்கூடப் பாதி எழுதிவிட்டு வெள்ளைத் தாளாகக் கொடுத்தான். சிவப்பு மையில் பூஜ்யம் போட்டேன். மறுநாள் அவன் அம்மாவை வரச் சொல்லி, மற்றப் பெற்றோர் நிற்கும்போதே, "வீட்டில் ஒன்றுமே சொல்லிக்கொடுப்பதில்லையா? அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கூட வந்திருந்த பாட்டிதான் பேசினார். "சாமி, அவனுக்கு எல்லாம் வாயில தெரியுமுங்க. தாள்லதானுங்க வராது. நீங்களே ஒருக்கா கேட்டுப் பாருங்களேன்."

நான் கேட்டுப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் ஒரே சட்டந்தாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

புதுநன்மை நாளில் அவனுடைய சித்தப்பா மகள் வெள்ளை உடுப்பும் பூக்கிரீடமுமாக முதல் வரிசையில் இருந்தாள். இவன் கலர்ச் சட்டையோடு பாட்டி மடியருகே இருந்தான். அடுத்த ஆண்டு வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

இத்தனைக்கும் நான் இறையியல் படித்தவன். புதுநன்மைக்குப் பிள்ளைகளிடம் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 913ஆம் எண் சொல்கிறது: தன் திறனுக்கு ஏற்றபடி கிறிஸ்துவின் மறைபொருளைப் புரிந்துகொண்டு, விசுவாசத்தோடும் பக்தியோடும் வாங்க வேண்டும். திறனுக்கு ஏற்றபடி. 1910ஆம் ஆண்டு இதே ஆகஸ்டு மாதத்தில்தான் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், சிறுபிள்ளைகளை நற்கருணையிலிருந்து தள்ளி வைக்காதீர்கள், சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்று ஆணை பிறப்பித்தார். எழுதத் தெரிய வேண்டும் என்று எங்கும் இல்லை. எழுத்தறியாத கோடிக்கணக்கான மக்களைப் பத்தொன்பது நூற்றாண்டுகளாக விசுவாசத்தில் வளர்த்த திருச்சபை இது. அப்படியெல்லாம் படித்துவிட்டு வந்தவன் ஒரு சைக்ளோஸ்டைல் தாளை வைத்து ஒரு பிள்ளையை ஆண்டவரிடமிருந்து தடுத்தேன்.

பிறகு ஒரு கோடையில், சிறப்புக் கல்வி படித்த ஓர் அருட்சகோதரி எங்கள் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார். டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புக் குறைபாட்டைப் பற்றி. நான் தொடங்கி வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போய்விடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மதிய உணவு வரைக்கும் எழுந்திருக்க முடியவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பேச்சு மனிதனுக்குப் பிறவியிலேயே கிடைத்த வரம். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராமலே பிள்ளை பேசிவிடுகிறது. எழுத்து அப்படி இல்லை. மனிதன் எழுதத் தொடங்கி ஏறக்குறைய 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. காதில் விழும் ஒலியையும் கண்ணில் படும் கோட்டையும் சேர்த்துக் கட்டுகிற வேலையை ஒவ்வொரு பிள்ளையின் மூளையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அந்தக் கட்டு இறுகுவதற்குப் பல மடங்கு நேரமும் உழைப்பும் ஆகிறது. அதுதான் டிஸ்லெக்ஸியா. கண் கோளாறு கிடையாது. சோம்பேறித்தனம் கிடையாது. புத்திக் குறைவும் கிடையாது. 1896ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பையன் நல்ல புத்திசாலி. விளையாட்டில் கெட்டிக்காரன். தன் பெயரையே சரியாக எழுத வராது. பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். அந்த ஆசிரியரையும் எங்கள் பாட்டியையும் நினைத்துக்கொண்டேன். இருவரும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள்.

நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு எளிதாகத் தெரிகிறது, ஏனென்றால் நாம் தாண்டி வந்துவிட்டோம். 'கொ' என்று எழுத முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். வாயில் முதலில் வருவதோ க் என்ற ஒலி. கண் பார்க்கும் வரிசை ஒன்று, காது கேட்கும் வரிசை வேறு. கையெழுத்தில் துணைக்காலும் ர என்ற எழுத்தும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒரே க, 'கடல்' என்பதில் ஒரு விதமாகவும் 'தங்கம்' என்பதில் ஒரு விதமாகவும் 'பகல்' என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. மூன்று ல, மூன்று ந, இரண்டு ர. இதற்கு மேல் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தால், 'பட்' என்பதிலும் 'புட்' என்பதிலும் நடுவில் அதே யு எழுத்துதான். ஏன் ஒன்று ப, ஒன்று பு என்று பிள்ளை கேட்டால் நமக்கே பதில் தெரியாது.

பயிற்சி முடிந்த அன்று இரவு அலமாரியைத் துழாவி அந்தப் பழைய தேர்வுத் தாள்களை எடுத்தேன். தூக்கிப்போடாமல் வைத்திருந்தது என்னுடைய சோம்பேறித்தனம். பூஜ்யம் போட்ட அந்தத் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு நீளமான மேசை வரைந்திருந்தான். எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று தட்டுகள். நடுத்தட்டின் பக்கத்தில் ஒரு கிண்ணம். இறுதி இராவுணவைப் பற்றிய கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. நான் தாளைத் திருப்பவே இல்லை.

மறுநாள் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா ஒரு ஃபவுண்டரியில் மோல்டர். பம்புசெட் உறுப்புகளுக்கு அச்சு எடுக்கிறவர். நான் போனபோது ஷிப்ட் முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்களே தவிர, யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. மன்னிப்புக் கேட்டேன். குருக்கள் மன்னிப்புக் கேட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை போலிருக்கிறது. "அதெல்லாம் எதுக்குங்க சாமி" என்று அப்பா கூச்சப்பட்டார். அம்மா அழுதுவிட்டார். அழுகையோடு அவர் கேட்ட கேள்விதான் என்னை இன்று இந்த ஒலிவாங்கி முன் உட்கார வைத்திருக்கிறது. "வயித்துல இருந்தப்ப நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா சாமி? மில்லுக்கு நைட் ஷிப்ட் போனேனுங்க. அதனாலயா?"

யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்றவரைப் பார்த்துச் சீடர்கள், இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. அதற்கு மேல் காரணம் தேடி நிற்காமல் உடனே வேலையில் இறங்குகிறார். குனிந்து மண்ணைக் குழைக்கிறார். தாய்மார்களே, நீங்கள் கேட்கிற அந்தக் கேள்விக்கும் பதில் இதுதான். நைட் ஷிப்ட் காரணமில்லை. டிவி காரணமில்லை. யாருடைய கண்ணேறும் காரணமில்லை. இது பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. அப்பாவுக்கோ மாமாவுக்கோ இருந்திருக்கும். அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் தெரியாமல் 'படிப்பு ஏறல' என்று சொல்லி தறிக்கோ லேத்துக்கோ அனுப்பியிருப்பார்கள்.

என் சொந்தத் தம்பி எட்டாம் வகுப்போடு தறிக்குடோனுக்குப் போனவன். அப்பா அவனை வேப்பங்குச்சியால் அடித்த அடி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வீட்டில் ரேடியோ ரிப்பேரானால் அவன்தான் சரிசெய்வான். நான் குருமடத்திலிருந்து அவனுக்குக் கடிதம் எழுதுவேன், பதிலே வராது. திமிர் பிடித்தவன் என்று இருபது ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி இன்று இவ்வளவு போதும்.

பெற்றோர்களே, இனிச் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளை எல்லாருக்கும் டிஸ்லெக்ஸியா என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கொரோனாக் காலத்தில் இரண்டு ஆண்டு பள்ளி இல்லாமல் அடித்தளம் ஆடிப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருசேரச் சந்திக்கிற பிள்ளைகள் நம் கொங்கு மண்ணில் நிறைய. வேலை தேடி வடக்கிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் உண்டு. முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். அது சரியாக இருந்து, ஒழுங்காகப் பள்ளிக்குப் போய், வாயால் கேட்டால் சரியாகப் பதில் சொல்லி, இரண்டாம் மூன்றாம் வகுப்பு தாண்டியும் எழுத்துக்கூட்டுவது பெரும் போராட்டமாக இருந்தால், அப்போது முறையான மதிப்பீடு செய்ய வேண்டும்.

எங்கே போவது? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் குழந்தை நல மருத்துவரிடமும் மனநல மருத்துவப் பிரிவிலும் கேளுங்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்திலும், நகரில் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களையே உருவாக்குகிற துறைகள் இருக்கின்றன. சென்னையில் 1990களின் தொடக்கத்தில் சில பெற்றோர்களும் நல்லெண்ணம் கொண்டவர்களும் சேர்ந்து மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கத்தைத் தொடங்கினார்கள். தியாகராய நகரில் அவர்கள் நடத்தும் 'அனன்யா' மையத்தில் பிள்ளைகள் சில காலம் படித்துவிட்டு மீண்டும் வழக்கமான பள்ளிக்கே திரும்பிப் போகிறார்கள். அங்கே ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள்.

போகக் கூடாத இடங்களும் உண்டு. டிஸ்லெக்ஸியாவைக் குணமாக்குகிற மாத்திரை இல்லை, லேகியம் இல்லை, மந்திரித்த கயிறு இல்லை. தொண்ணூறு நாளில் சரிசெய்கிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். நம் ஆட்களிலேயே சிலர் இந்தப் பிள்ளைகளைச் செபக்கூட்டத்துக்கு இழுத்துப் போய் மந்தபுத்தி ஆவியை விரட்டச் சொல்கிறார்கள். பிள்ளைக்குள் ஆவி ஒன்றும் இல்லை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு பயம் மட்டும் புதிதாகச் சேரும்.

டியூஷனையும் சொல்ல வேண்டும். அந்தப் பையனுக்கு மாலை ஐந்திலிருந்து எட்டு வரை டியூஷன். பள்ளியில் புரியாத அதே முறையில் அதே பாடம் இன்னும் மூன்று மணி நேரம். கால் சுளுக்கியவனை இன்னும் இரண்டு மைல் நடக்க வைப்பது போல. அருட்சகோதரி முதலில் டியூஷனை நிறுத்தினார். பதிலுக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம். ஒரு தட்டில் ரவையைப் பரப்பி, ஓர் எழுத்தை விரலால் பெரிதாக எழுத வேண்டும். எழுதும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்ல வேண்டும். கை உணர்கிறது, கண் பார்க்கிறது, வாய் சொல்கிறது, காது கேட்கிறது. இது வெளிநாட்டு முறையா என்றால், ஆமாம், அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்காம் என்ற இருவர் வகுத்த வழி. ஆனால் நம் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதி உரக்கச் சொன்னது வேறு என்ன? அறிவு புலன்களின் வழியாகத்தான் தொடங்குகிறது என்று புனித தோமா அக்குவினாவிடம் படித்தபோது, அது ரவைத் தட்டு வரைக்கும் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மணல் என்றதும் மோல்டர் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எங்க ஃபவுண்டரில மணலுக்கா பஞ்சமுங்க, நான் கொண்டாறேன்" என்றார். அருட்சகோதரி கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார். அந்த மணலில் கரித்தூள் கலந்திருக்கும், தூசு பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது, ரவையே போதும். பிறகு அப்பா சொன்னார்: "பேட்டர்ன்ல எழுத்து நேரா இருக்குமுங்க. மணல்ல பதிஞ்சா திரும்பிக்கும். இரும்பு ஊத்தி எடுத்தா மறுபடி நேராயிரும். நாங்க ரெண்டு பக்கமும் பாத்துப் பழகுனவங்க. இவனுக்கும் அப்பிடித் திரும்பித் தெரியுதுங்களா?" நல்ல கேள்விதான். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பிள்ளையின் கண்ணுக்கு எழுத்து தலைகீழாகத் தெரிவதில்லை. எந்த ஒலிக்கு எந்த உருவம் என்பதுதான் நழுவிப் போகிறது.

வீட்டில் வேறு சில காரியங்கள். பாடத்தை நீங்கள் படித்துக் காட்டுங்கள். பாட்டி படிக்கட்டும், அக்கா படிக்கட்டும். கேட்டுப் புரிந்துகொள்ளும் உரிமை பிள்ளைக்கு இருக்கிறது. வாசிக்கத் தெரியும் வரை அறிவியலும் வரலாறும் காத்திருக்க வேண்டியதில்லை. 2018 முதல் வந்த நம் பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது; கைப்பேசியில் காட்டினால் காணொளிப் பாடம் வரும். வாசிக்கிற வரிக்குக் கீழே ஓர் அடிக்கோலை வைத்துக்கொடுங்கள். வகுப்பாசிரியரைப் பாருங்கள். எல்லார் முன்னாலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைக் குறைக்கலாம், வாயால் சொல்லும் விடையையும் கேளுங்கள் என்று பணிவோடு சொல்லுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த ஆசிரியையும் திணறுகிறார்.

பிள்ளைக்குப் பிடித்ததைப் பறிக்காதீர்கள். மார்க் வரும் வரைக்கும் கபடி கிடையாது, டிரம் கிடையாது என்று சொல்கிறோம். நாள் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருக்கிற பிள்ளை ஜெயிக்கிற ஒரே இடத்தையும் பூட்டிவிட்டால் அது எங்கே போகும்?

இதை விடப் பெரியது, பிள்ளையின் மனசு. திங்கட்கிழமை காலை தவறாமல் வயிற்று வலி வருகிறதா? டைரியை ஒளித்து வைக்கிறதா? வகுப்பில் கோமாளித்தனம் பண்ணி அடி வாங்குகிறதா? வாசிக்கத் தெரியாதவன் என்று பெயர் எடுப்பதைவிட அடங்காதவன் என்று பெயர் எடுப்பது அதற்குக் கௌரவம். 'மக்கு', 'தத்தி' என்று நாம் கோபத்தில் சொல்வதை நாம் மறந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு எழுத்துதான் நினைவில் நிற்காது, இது நிற்கும். "நான் இல்லாமப் போனா நல்லாருக்கும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், வாய்க்கொழுப்பு என்று தள்ளிவிடாதீர்கள். அன்றைக்கே பக்கத்தில் உட்காருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. 1098 குழந்தைகளுக்கான உதவி எண்.

இப்போது வியான்னியாரிடம் வருகிறேன். அவருக்கு டிஸ்லெக்ஸியா இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. 1786இல் பிறந்தவர், பிரெஞ்சுப் புரட்சிக் காலம், பள்ளிக்கூடம் போனதே கொஞ்சம். இருபது வயதை ஒட்டி இலத்தீன் படிக்க உட்கார்ந்தார், ஏறவில்லை. கூடப் படித்த மத்தியாஸ் லொராஸ் என்ற சிறுவன் சொல்லிக்கொடுத்துப் பார்த்துப் பொறுமையிழந்து அவரை அறைந்துவிட்டான் என்று அவருடைய வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அறை வாங்கிய பெரியவர் அந்தச் சிறுவன் முன் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டாராம். அறைந்தவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பிற்காலத்தில் அமெரிக்காவில் ஆயரானார். லியோன் குருமடம், இலத்தீன் போதாது என்று வியான்னியை வெளியே அனுப்பியது. வீட்டுக்குப் போய் ஏர் பிடித்திருப்பார். விடாமல் பிடித்துக்கொண்டவர் எக்குல்லி ஊரின் பங்குத்தந்தை பலே. தன் வீட்டிலேயே வைத்துப் பிரெஞ்சு மொழியில் சொல்லிக்கொடுத்தார். மேலிடத்தில் போய் வாதாடினார். தேர்வாளர்களை எக்குல்லிக்கே வரவழைத்து, பழகிய வீட்டில், தெரிந்த மொழியில் கேட்க வைத்தார். அங்கே வியான்னி நன்றாகப் பதில் சொன்னார். 1815 ஆகஸ்டு 13ஆம் நாள் குருவானார்.

பின்னாளில் அந்த மனிதரிடம் ஒப்புரவு பெற பிரான்சு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் மக்கள் வந்து வரிசையில் காத்துக் கிடந்தார்கள். நாங்கள் வியான்னிக்குத் திருநாள் கொண்டாடுகிறோம். பலே சாமியாருக்குத் திருநாள் இல்லை. பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு பாதுகாவலர் வேண்டுமென்றால் நான் அவரைத்தான் காட்டுவேன். தேர்வை அவர் எளிதாக்கவில்லை. தேர்வு கேட்கிற முறையை மாற்ற வைத்தார்.

இதைச் சொல்லும்போது ஒரு பெரியவர் பங்குப் பேரவையில் கேட்ட கேள்வி ஞாபகத்துக்கு வருகிறது. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளுக்கு நம் மாநிலப் பொதுத்தேர்வில் சில சலுகைகள் உண்டு. விடையைப் பிள்ளை சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப் பாடங்களில் ஒன்றிலிருந்து விலக்கு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது இல்லை. மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடிவந்தால் கஷ்டம். இதைக் கேட்டுவிட்டு அந்தப் பெரியவர், "அடுத்தவன் எழுதிக் குடுத்துப் பாஸ் பண்றது காப்பியடிக்கிற மாதிரித்தானுங்க சாமி?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நியாயம் பார்க்கிற மனிதர்.

நான் விடுதலைப் பயண நூலின் நான்காம் அதிகாரத்தைச் சொன்னேன். எரியும் முட்புதர் முன்னால் மோசே, எனக்குப் பேச்சு வராது, நாக்குத் திக்கும் என்று முறையிடுகிறார். கடவுள் கோபப்பட்டார், உண்மைதான். ஆனால் மோசேயின் நாக்கை அவர் சரிசெய்ததாக அந்தப் பகுதியில் இல்லை. செங்கடலைப் பிளக்கப் போகிறவருக்கு அது பெரிய வேலையா? அதற்குப் பதிலாக அண்ணன் ஆரோனை அனுப்பினார். நீ சொல், அவன் உனக்காகப் பேசட்டும். பாரவோன் முன் ஒலித்த குரல் ஆரோனுடையது. அதனால் விடுதலையை நடத்தியது மோசே இல்லை என்று யாராவது சொல்கிறோமா? தேர்வு அறையில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர் ஆரோன். விடை பிள்ளையுடையது. பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பச் சரிங்க" என்றார்.

அந்தப் பையனுக்குப் பதினொரு வயதில், ஒரு வியாழக்கிழமை காலைத் திருப்பலியில் புதுநன்மை கொடுத்தேன். முந்தின நாள் மாலை கோவில் படியில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கடையில் வாங்குகிற ரொட்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவன் யோசிக்கவே இல்லை. "ரொட்டியத் தின்னா அது நாமளாயிருமுங்க. இதை வாங்குனா நாம அவராயிருவோம்னு அம்மாயி சொல்லிச்சுங்க." இதே கருத்தைப் புனித அகுஸ்தினாரிடமிருந்து எங்களுக்கு விளக்கக் குருமடத்தில் பேராசிரியர் ஒரு வகுப்பு முழுவதும் எடுத்துக்கொண்டார். அம்மாயிக்கு அதை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எந்தக் காலத்து மறையுரையோ.

அவன் இப்போது எட்டாம் வகுப்பு. சரளமாக வாசிக்கிறான் என்று சொன்னால் பொய். பத்து வரிக்குப் பத்து நிமிடம் ஆகும். வாசிக்கிறான். சில நாள் புத்தகத்தைத் தூக்கி எறிகிறான் என்று அம்மா சொல்கிறார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அவர்கள் வீட்டுக்கும் போயிருந்தேன். கிளம்பும்போது அப்பா வாசல் வரைக்கும் வந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்யப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினார். வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"சாமி, அந்தப் பரீட்சை பசங்களுக்கு மட்டுந்தானுங்களா? நாப்பத்தஞ்சு வயசுல செஞ்சா செய்வாங்களா? சம்பளத் தாள்ல என்ன எழுதியிருக்குதுன்னு இத்தன வருசமா அடுத்தவங்களக் கேட்டே கையெழுத்துப் போட்டுட்டு இருக்கறனுங்க."

அருட்சகோதரியிடம் கேட்டேன். வரச் சொன்னார். வருகிற சனிக்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்ததும் போகிறார்கள். பையனும் கூடப் போகிறான், வழி அவனுக்குத்தான் தெரியும்.